நிஷிஜின் அடுக்களைகளுக்கு நன்றி

கியோட்டோவின் பழைய நெசவாளர் வட்டாரமான நிஷிஜினில் வீட்டுச் சமையல் சொல்லித்தந்த அனைவருக்கும் வணக்கம்.

ஒபான்ஸாய் எனும் உங்கள் அன்றாடப் பதார்த்தங்களின் அளவுகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எந்த இடத்தில் கை தவறும், ஏன் தவறும் என்று பக்கத்தில் நின்று காட்டியவர்கள் நீங்கள்.

கொன்பு எனும் கடற்பாசி விற்கும் கடைக்கார ஐயாவுக்கு முதல் நன்றி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் ரிஷிரித் தீவுக் கொன்பு. மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சணம் அல்ல, சுவையில் அதற்கும் பங்குண்டு. அதனால் கழுவாமல் துணியால் லேசாகத் துடைத்து இரவே ஊறப்போட வேண்டும். காலையில் சிறு தீயில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் குமிழ் கட்டும்போதே எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் கொழகொழப்பும் பாசி வாடையும் இறங்கிவிடும். பிறகு சாற்றைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, 25 கிராம் கத்ஸுவோபுஷிச் சீவலைப் போட வேண்டும். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு அது. சீவல் அமிழ்ந்ததும் துணியில் வடித்தால் தாஷி எனும் அடிப்படைச் சாறு தயார். துணியைப் பிழிந்தால் சாறு கலங்கித் துவர்க்கும். கியோட்டோவின் மென்னீரும் இதற்குத் துணை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் கொன்பின் சுவை சரியாக இறங்காது. 1908-இல் கொன்புச் சாற்றில் குளுட்டமேட்டைக் கண்டறிந்து அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்ட வேதியியலாளர் இக்கேதா கிகுனே பிறந்ததும் இந்நகரில்தான்.

தோஃபு கடை அம்மாவுக்கு அடுத்த நன்றி. சோயாப் பால் பிழிந்த சக்கையான ஒகாராவை அன்றே சமைத்துவிடச் சொன்னீர்கள்; ஈரம் மிகுந்தது, சீக்கிரம் புளித்துவிடும். 200 கிராம் சக்கையை வெறும் சட்டியில் உதிரியாகும்வரை வறுத்த பிறகே 300 மில்லி தாஷி ஊற்ற வேண்டும். வறுக்காவிட்டால் பச்சை வாடை போகாது. இதில் சேர்க்கும் உசுகுச்சி எனும் சோயா சாஸின் நிறம் வெளிறியிருப்பதால் உப்பும் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். அடர்நிறச் சாஸைவிட அதில்தான் உப்பு அதிகம்!

தவிட்டு ஊறுகாய்ப் பாட்டி, உங்களுக்குத்தான் பெரிய கடன். காய்களைப் புதைத்து ஊறவைக்கும் தவிட்டுக் கலவைக்கு ஒரு கிலோ அரிசித் தவிடு, 130 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். கையில் பிடித்தால் சேர்ந்து நிற்கும் பதம். ஒரு துண்டு கொன்பும் இரண்டு காய்ந்த மிளகாயும் போதும். முதல் பத்து நாள் முட்டைக்கோசின் வெளி இலைகளைப் போட்டுத் தவிட்டைப் புளிக்கப் பழக்க வேண்டும், அவை தின்பதற்கல்ல. நாளுக்கொரு முறை, கோடையில் இரு முறை, அடிவரை கையை விட்டுப் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் மேற்பரப்பில் வெண்படலம் படரும், காற்றுப்படாத அடியில் நாற்றம் கிளம்பும். மெல்லிய படலம் என்றால் உள்ளே கிளறிவிடலாம், தடித்தால் வழித்தெறிய வேண்டும். புளிப்பு ஏறினால் ஒரு கரண்டி கடுகுப்பொடி, நீர்த்துப்போனால் புதுத் தவிடும் அதற்கேற்ற உப்பும். வெள்ளரிக்குக் கோடையில் எட்டு மணி நேரம் தாராளம்.

நீங்கள் பிரித்துக் கொடுத்த இரண்டு கைப்பிடிப் பழந்தவிட்டைப் புதுத் தொட்டியில் கலந்துவிட்டோம், பாட்டி. நீங்கள் சொன்னபடியே சீக்கிரம் பழகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அடுக்களைகளில் பழகியவர்கள்