தவளையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகிறாயாமே

அன்புள்ள அம்முவுக்கு,

தவளை ஆய்வில் பிஎச்.டி. முடிந்ததும் பத்திரிகை, ஆவணப்படம் என்று இந்தப் பக்கம் வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

ராண்டி ஓல்சன் என்று ஒரு அமெரிக்கக் கடல் உயிரியலாளர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர். 1994இல் அந்த வேலையை உதறிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சினிமாப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நடிப்பு வகுப்பில் ஆசிரியை அவரைத் திட்டித் தீர்த்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். குற்றம் என்ன? அளவுக்கு மீறி யோசிக்கிறாராம்! 2006இல் பரிணாமச் சர்ச்சை பற்றி அவர் எடுத்த படத்தில், பரிணாமத்தை மறுப்பவர்களோடு சேர்த்து, மக்களிடம் பேசத் தெரியாத விஞ்ஞானிகளையும் ஒரு பிடி பிடித்தார். உள்ளே இருந்து வந்தவருக்குத்தான் அந்த உரிமை உண்டு.

உனக்கும் முதலில் பறிபோகப் போவது அந்த நிபுணர் நாற்காலிதான். இன்று மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைத் தவளைகள் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உன்னிடம் வருகிறார்கள். நாளை நீதான் கேள்வியோடு போய் நிற்க வேண்டும். அதுவும் தெரிந்ததையே தெரியாத மாதிரி கேட்க வேண்டும். எதிரே இருப்பவர் பேசும்போது, 'புரிகிறது சார்' என்று நீ தலையாட்டினால் அவர் பாதியில் நிறுத்திவிடுவார். அப்புறம் எடிட்டில் உட்கார்ந்து தேடினால் பயன்படுத்த ஒரு பேச்சுத் துணுக்குகூட இருக்காது. ஆய்விலிருந்து இந்தப் பக்கம் வருகிற பலருக்கும் ஆரம்பத்தில் இது நடக்கிறது. கேமராவை எப்படியும் கற்றுக்கொள்வாய், வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் பாடு.

இன்னொன்று. லேபில் கட்டுரை வெளியாகும் முன் எல்லோரும் படித்துத் திருத்துவார்கள். பெரும்பாலான பத்திரிகைகளில், பேட்டி கொடுத்தவருக்குக் கட்டுரையை முன்கூட்டியே காட்டுவதில்லை. தகவலைச் சரிபார்க்கலாம், அவ்வளவுதான். உன் கைடே ஒருநாள் 'அனுப்பு, பார்த்துத் தருகிறேன்' என்பார். மறுக்கப் பழகு. அதைவிட, உன் லேப் பற்றி நீ எழுதவே கூடாது.

அறிவியல் பின்னணி வீணாகிவிடுமோ என்று கவலைப்பட்டிருந்தாய். சேகர் தத்தாத்ரியைப் பார். பள்ளிப் பருவத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணைக்குப் போக ஆரம்பித்து, விலங்கியல் படித்து, காட்டுயிர்ப் படம் எடுக்க வந்தவர். 2001இல் கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கம் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை மூடச் சொல்லிக் காலக்கெடு விதித்தது, 2005 கடைசியில் வேலை நின்றது. படம் மட்டும் சாதித்ததாகச் சொல்ல மாட்டேன். வழக்கு நடத்தியவர்களும், சுரங்கத்தால் பத்ரா ஆற்றில் எவ்வளவு வண்டல் சேர்கிறது என்று அளந்தவர்களும் இருந்தார்கள். அளந்தவர்களின் மொழியும் கேமராவின் மொழியும் தெரிந்த ஆட்கள் நம்மிடம் ரொம்பக் குறைவு, தமிழில் இன்னும் குறைவு. உனக்கு இடம் இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

தயாரிப்பு வேலை என்றால் பெரும்பாலும் அனுமதி, பட்ஜெட், வண்டி, சாப்பாடு. இதில் உனக்கு ஒரு சௌகரியம். சரணாலயத்துக்குள் போக அனுமதி தரும் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில், ஆராய்ச்சியும் புகைப்படம் எடுப்பதும் பக்கத்துப் பக்கத்து வரிகள். தவளைக்காக எந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாயோ, அங்கேயேதான் இதற்கும் நடப்பாய்.

பணம்? இப்போது சீனியர் ஃபெல்லோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகை, மாதம் 42,000 ரூபாய், தாமதமானாலும் வந்துவிடுகிறது. ஃப்ரீலான்ஸில் கட்டுரை வெளியாகி, பில் அனுப்பி, மறுபடி நினைவூட்டினால்தான் காசு. ஆறு மாதச் செலவுக்காவது சேர்த்துக்கொள்.

தீசிஸை முடித்துவிட்டு வா என்பதுதான் என் கட்சி. அதுவரை, ஓடைத் தவளை பற்றி அறுநூறு வார்த்தைக்குள் தமிழில் ஒன்று எழுதி அனுப்பு. நீ பேசாதே, உன் ஃபீல்டு அசிஸ்டெண்டைப் பேச வை. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எங்கள் அக்காவுக்கு என் மூலமாகத் தெரிந்தால், உன்னைக் கெடுத்ததே நான்தான் என்று பொங்கல் வரைக்கும் பேச மாட்டாள்.

அன்புடன்,
மாமா