14 அடி படகுக்கு 18 அடி கராஜ் பத்தலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், சின்ன பாய்மரப் படகு வாங்குறவங்க வாடகை குடுத்து வெளிய நிறுத்த வேண்டியதே இல்ல, டிரெய்லரோட வீட்டு கராஜ்ல தள்ளி விட்டா வேலை முடிஞ்சுதுன்னு. படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் வயித்தெரிச்சலும் வந்துச்சு, ஏன்னா நானும் அதே நினைப்புல தான் வாங்கினேன்.

விளம்பரத்துல 14 அடின்னு போட்டிருந்துச்சு. எங்க கராஜ் உள்ளளவு 18 அடி. நாலு அடி மிச்சம், அதுல சைக்கிளே நிறுத்தலாம்னு வீட்ல பெருமையா சொல்லிட்டுப் போய் இழுத்துட்டு வந்துட்டேன். உள்ள தள்ளினா ஷட்டர் இறங்க மாட்டேங்குது. அப்புறம் தான் டேப் எடுத்தேன், கார்ல மாட்டுற அந்த நீட்டுக் கம்பி படகு மூக்கைத் தாண்டி மூணரை அடி நீட்டிட்டு நிக்குது, பின்னாடி சுக்கான் மாட்டுற கொக்கியும் டிரெய்லரோட கடைசி குறுக்குச் சட்டமும் இன்னொரு 10 அங்குலம், மொத்தம் 18 அடி 4 அங்குலம். நாலே நாலு அங்குலம் சார். அந்த ராத்திரி ஷட்டரை பாதியில நிறுத்தி தார்ப்பாய் கட்டிட்டுத் தூங்கினேன், தூங்கினேன்னு சொல்றது பேச்சுக்கு.

குறுக்கால மூலைக்கு மூலை வெச்சா இடம் கிடைக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. 18-க்கு 10 அறையில மூலைவிட்டம் இருபதரை அடி வரும், உண்மை தான், ஆனா அது ஒரு கம்புக்கு வர்ற கணக்கு. அஞ்சு அடி அகலப் படகுக்கு பின் பக்கமே ஒரு மூலையை அடைச்சுக்கும், மூக்கு கூரா இருக்கறதால கிடைக்கிற லாபம் அரை அடி, ரொம்பப் போனா 7 அங்குலம். அதை நம்பி ஒரு மாசம் அப்படித்தான் வெச்சிருந்தேன், ஷட்டர் மூடிச்சு, ஆனா கராஜ்ல வேற எதுவுமே நுழையல, வாஷிங் மெஷின் கிட்ட போகணும்னா டிரெய்லர் கம்பிக்கு அடியில குனிஞ்சு தான் போகணும்.

கடைசில தீர்வு அந்த முன் கம்பில தான் இருந்துச்சு. மடக்குற மாதிரி கீல் போட்ட கம்பி வருது, பின்னை உருவினா பக்கவாட்டுல மடிஞ்சுக்கும். ஆனா ஒண்ணு, கையில வெல்டிங் மெஷின் இருக்குன்னு நீங்களே அறுத்து ஒட்டிடாதீங்க, ரோட்ல இழுக்கற மொத்த விசையும் அந்த ஒரு கம்பி வழியா தான் போகும், டிரெய்லர் எடைக்குன்னே செஞ்ச கீல் செட் போல்ட் போட்டு மாட்டறது தான் சரி.

உயரத்தையும் அளக்கணும், அதுவும் மட்டமான இடத்துல நின்னு அளந்தா ஏமாந்துடுவீங்க. வாசல்ல சரிவு இருந்தா சக்கரம் இன்னும் சரிவுல ஏறிட்டு இருக்கும்போதே மூக்கு உள்ள போகும், அப்போ மூக்கு மேல தூக்கும், வின்ச் கம்பம் (படகை டிரெய்லர் மேல இழுத்து ஏத்துற உருளை மாட்டின முன் கம்பம்) போய் நேரா வாசல் மேல்நிலையில இடிக்கும். எனக்கு இடிச்சுது, பெயின்ட் போன தடம் இன்னும் இருக்கு. முன்னாடி இருக்கற ஜாக்கி சக்கரத்தை நல்லா மேல ஏத்தி மூக்கைத் தாழ்த்திட்டுத் தள்ளினா சரியா போயிடும். தனியா தள்ளாதீங்க, சரிவுல சக்கரத்துக்கு அணை குடுக்க ஒருத்தர் கட்டையோட பக்கத்துல நிக்கட்டும்.

பாய்மரம் இன்னொரு தலைவலி. 14 அடி படகுக்கு 20 அடி மரம் சாதாரணம், அது கராஜுக்குள்ள நேரா படுக்காது. இதை யோசிச்சே வடிவமைச்ச படகுகளும் இருக்கு. மிரர்னு 1960-கள்ல வந்த 10 அடி 10 அங்குலப் படகுல மரம் குட்டை, பாயோட மேல் பாதிக்கு தனிக் கம்பு ஒண்ணு மேல ஏறும், இறக்கிட்டா எல்லாக் கம்பும் படகுக்குள்ளயே அடங்கிடும். லேசர்னு ஒரு சின்ன பந்தயப் படகு, அதுல மரம் ரெண்டு துண்டு. குழந்தைங்க ஓட்டுற ஆப்டிமிஸ்ட் 7 அடி 9 அங்குலம் தான், அதை சுவத்துல சாய்ச்சே வெச்சிடலாம். வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா இந்தக் கடுதாசியே வந்திருக்காது. இன்னொண்ணு, மரத்தை வாசல்ல நிமிர்த்திப் பாக்கற ஆசை வரும், முதல்ல அண்ணாந்து கரண்ட் கம்பி இருக்கான்னு பாருங்க, அலுமினியப் பாய்மரம் அதுல தொட்டா ஆள் மிஞ்ச மாட்டாங்க.

தொங்க விடலாம்னும் சொல்றாங்க. லேசர் மாதிரி 59 கிலோ படகுன்னா நாலு கயிறு தாங்குற கப்பி போட்டா கையில வர்ற பாரம் 15 கிலோவுக்கு கொஞ்சம் மேல, உராய்வு சேர்த்து. தூக்கறது சுலபம் தான், மேல இருக்கற விட்டம் தாங்குமான்னு பாக்கறது தான் விஷயம், வெறும் சீலிங் பலகையைப் பிடிக்கப் போட்ட கட்டையில படகைத் தொங்க விட்டு அதுக்குக் கீழ காரையும் நிறுத்தறதுக்கு எனக்கு தைரியம் இல்ல.

உள்ள போயிட்டா போதும்னு நினைச்சது என்னோட அடுத்த தப்பு. ஈரத்தோட தார்ப்பாய் போத்தி பூட்டிட்டேன், மூணு வாரம் கழிச்சு திறந்தா குப்புனு பூஞ்சை வாடை, பாய் முழுக்க கறுப்புப் புள்ளி, மடிப்புக்குள்ள எலி பஞ்சு பஞ்சா கூடு கட்டி வெச்சிருக்கு. இப்பல்லாம் உப்பு போக நல்ல தண்ணில அலசி, காயப் போட்டு, மடிக்காம சுருட்டி, வீட்டுக்குள்ள கொண்டு போயிடறேன். தண்ணி வடியறதுக்கு படகோட அடித் தக்கையைக் கழட்டி, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, மேல் மூடி எல்லாம் திறந்து விட்டுடறேன், உள்ள நுரை அடைச்ச படகுல தண்ணி ஊறிட்டா காயவே காயாது, எடை ஏறிட்டே போகும். பிளாஸ்டிக் படகா இருந்தா ரெண்டே இடத்துல தாங்கி வைக்காதீங்க, அந்த இடம் குழிஞ்சிடும்.

டிரெய்லர் டயர் தேய்ஞ்சு போறதை விட கிழடாகித் தான் போகும். பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2319னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரொம்ப நாள் நிறுத்தறதுன்னா சக்கரம் தரையைத் தொடாம ஸ்டாண்ட் குடுத்து தூக்கி வைங்க. பேரிங்கையும் பாத்துக்கணும், ஓடி சூடான சக்கரத்தை அப்படியே தண்ணில இறக்கும்போது உள்ள இருக்கற காத்து சுருங்கி தண்ணியை இழுத்துக்கும், அது கராஜ்ல உக்காந்து துருப்பிடிக்கும். சின்ன மோட்டார் இருந்தா பெட்ரோல் டேங்கை மட்டும் கராஜ்ல வைக்கவே வைக்காதீங்க, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா பரவும், அங்க கேஸ் ஹீட்டர் எரிஞ்சுட்டு இருந்தா கேக்கவே வேண்டாம்.

உங்க கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு வித்தவர் பொய் சொல்லல, படகு 14 அடி தான். ஆனா உங்க வரி விளம்பரத்துல படகு நீளம் மட்டும் தான் வருது. டிரெய்லரோட மொத்த நீளம், மரத்தோட நீளம், முன் கம்பி மடியுமா மடியாதா, இந்த மூணையும் சேர்த்துப் போடச் சொல்லி விளம்பரம் குடுக்கறவங்க கிட்ட கேளுங்க. ஒரு வரி தான் கூடும்.

இப்படிக்கு,
நாலு அங்குலத்துல மாட்டின வாசகர்