ஆக்சிடோசின் கட்டுரையில் விட்டுப்போன ஏற்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனை மூக்கில் ஸ்பிரேயாக அடித்தால் ஆட்டிசத்துக்கு ‘விரைவில் தீர்வு’ என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையை நானாகத் தேடிப் படிக்கவில்லை. என் பழைய மாணவி ஒருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம். “இந்த மூக்கு ஸ்பிரே எங்க சார் கிடைக்கும்?” என்று கேட்டார். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார்.

நம் பக்கத்தில் ஆக்சிடோசின் என்றால் பிரசவ வார்டில் வலி வரப் போடும் மருந்து. இல்லையென்றால் மாட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போடும் பால் ஊசி. அது மூளைக்குள்ளும் வேலை செய்கிறது என்று எழுதியதற்குப் பாராட்டு. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சிறு பெப்டைடை 1953இல் வின்சென்ட் டு விக்னோ செயற்கையாகத் தயாரித்ததும், 1955இல் நோபல் பரிசு பெற்றதும் கட்டுரையில் சரியாகவே இருக்கின்றன. ஆனால் சுரப்பதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவர், நரம்பணுவின் மேல் இருந்து அதை வாங்கிக்கொள்ளும் புரதமான ஏற்பியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏற்பி இல்லாத நரம்பணுவுக்கு எத்தனை ஆக்சிடோசின் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

அந்த ஏற்பிகள் பிறந்தது முதல் சாகும்வரை ஒரே இடத்தில் இருப்பவை அல்ல. எலி மூளையின் மெல்லிய சீவல்களில் ஏற்பியில் போய் ஒட்டும், கதிரியக்கக் குறி ஏற்றிய மூலக்கூறைப் படியவிட்டு, அது ஒட்டிய இடங்களைப் பிலிமில் பதிந்து பார்த்தவர்கள் 1989இலேயே இதை எழுதிவிட்டார்கள். கருவின் 14ஆம் நாளில் மூளைத்தண்டில் முதல் ஏற்பிகள் தெரிகின்றன. பிறந்த பிறகு, ஏற்பிகள் எங்கெங்கே என்பதில் குட்டிக்கென்றே ஒரு வரைபடம் உருவாகிறது. வளர்ந்த எலியிடம் அநேகமாகக் காலியாகிவிடும் சில புறணி (மூளையின் மேலடுக்கு) பகுதிகள் குட்டியிடம் ஏற்பிகளால் நிறைந்திருக்கின்றன. பால்குடி மறக்கும் பருவத்தை ஒட்டி அந்த வரைபடம் ஒருமுறை மாறுகிறது. பூப்பை ஒட்டி இன்னொரு முறை மாறி, மூளையின் அடிப்பக்கத்து ஹைப்போதலாமஸில், இனச்சேர்க்கை நடத்தையோடு தொடர்புள்ள பகுதியில் ஏற்பிகள் தோன்றுகின்றன. சுண்டெலியில் புறணியின் ஏற்பிகள் பிறந்து இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடுகின்றன.

கான்கிரீட் இறுகியதும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்துவிடுகிறோம். குடிபோன வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே பலகையே இருந்ததில்லை என்று ஒருவர் சொன்னால் கொத்தனார் சிரிப்பார். வளர்ந்த மூளையை மட்டும் பார்த்துவிட்டு ‘ஆக்சிடோசின் வேலை செய்யும் இடங்கள்’ என்று படம் போட்டதும் (அந்த வண்ணப்படம் அழகாகத்தான் இருந்தது) அந்த ரகம்தான்.

ஏற்பி இருந்தாலும், வேளை மாறினால் விளைவு மாறும். பிறக்கப்போகும் எலிக்குஞ்சின் மூளையில் காபா என்னும் வேதிப்பொருள் நரம்பணுக்களை அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டுகிறது. பிரசவ நேரத்தில் தாயின் ஆக்சிடோசின் வந்து அதைத் தற்காலிகமாக அடக்கும் வேலைக்குத் திருப்புகிறது என்று 2006இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியது. பிராணவாயு குறையும் அந்த நேரத்தில் குட்டியின் மூளைக்கு அது ஒரு காப்பு.

ஜோடி சேர்ப்பதே ஆக்சிடோசின்தான் என்பதற்கு, ஜோடி பிரியாத புல்வெளி வோல் எலிகளைக் கட்டுரையாளர் பெரிய சாட்சியாக நிறுத்துகிறார். 2023இல் வெளியான ஆய்வை அவர் பார்த்திருக்க வேண்டும். ஏற்பிக்கான மரபணுவையே கருவில் முடக்கிய வோல்களும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன. ஆரம்பம் முதலே ஏற்பி இல்லாமல் வளர்ந்த மூளை வேறு பாதை போட்டுக்கொண்டதோ என்னவோ. வளர்ந்த விலங்கில் மருந்து கொடுத்து ஏற்பியை அடைப்பதும், அது இல்லாமலே வளரவிடுவதும் ஒன்றல்ல என்றாவது இதிலிருந்து தெரிகிறது.

மனிதருக்கு வருவோம். இறந்தவர்களின் மூளைத் திசுவில் மரபணு வெளிப்பாட்டை வயதுவாரியாகப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், ஆக்சிடோசின் ஏற்பியின் வெளிப்பாடு சிறு குழந்தைப் பருவத்தில் உச்சத்தில் இருந்தது. அப்படியானால் சீக்கிரமே ஸ்பிரே அடிக்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 3 முதல் 17 வயது வரையிலான 290 பிள்ளைகளிடம் 24 வாரம் அடித்தே பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. பிறரோடு பழகுவதில், மருந்தில்லாத வெறும் ஸ்பிரேயைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. காரணம் ஏற்பியின் வயதுக்கணக்குதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘விரைவில் தீர்வு’ என்று தலைப்பில் போட்டவர்கள் இந்தச் சோதனையை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்திருக்கலாம்.

வளரும் மூளையைப் பற்றி எழுத விருப்பமிருந்தால் சென்னையிலேயே விஷயம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் மனிதக் கருவின் மூளைப் படத்தொகுப்பை, 5,132 சீவல்களுடன், யாரும் இணையத்தில் பார்க்கும்படி வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மூன்று மாத மூளைகள் அவை. அந்தச் சீவல்கள் மூளையின் கட்டமைப்பைக் காட்டுபவை. எந்த ஏற்பி எந்த வாரத்தில் எங்கே என்பது தனி வேலை.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் என்னால் முடிந்தவரை சொன்னேன். ஸ்பிரே வேண்டாம், பேச்சுப் பயிற்சியை விடாமல் கூட்டிப் போங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, “அப்ப புத்தகத்துல ஏன் சார் அப்படிப் போட்டாங்க?” என்று கேட்டார். பதில் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.