கோ-5 தீவனப்புல்லு நடறதுக்கு முன்னாடி

காங்கயம் பக்கம்,
ஆவணி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி கெடைச்சது. தையில மில் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து நாலு மாடு கட்டப்போறேன்னு எழுதியிருந்தத வூட்ல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். "நாலு ஏக்கர்லயும் கோ-5 நட்டர்லாம்"னு எழுதியிருந்தியே, அந்த வரியை மட்டும் படிக்காம விட்டுட்டேன்.

உன் போர்ல பங்குனி, சித்திரையில எவ்வளவு நேரம் தண்ணி வருதுன்னு சொல்லு. ஐப்பசிக் கணக்கு வேண்டாம். கோ-5 நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு அறுப்பு குடுக்கும், பொய்யில்ல. ஆனா பத்து நாளைக்கு ஒரு தண்ணி கேக்கும். போன சித்திரையில எனக்கு ஒரு மணி நேரத்துக்கே மோட்டார் காத்து வாங்குச்சு. இப்ப இருபது சென்ட்தான் வெச்சிருக்கேன். மாட்டுக் கட்டுத்தாரை கழுவுற தண்ணியும் அங்கதான் போகுது.

யூரியாவுல நான் பட்டது உனக்குத் தெரியாது. பலதடவை வெட்டுற தீவனச் சோளம், கோ எஃப்.எஸ்-29 ரகம், அறுபத்தஞ்சு நாள்ல முதல் அறுப்பு முடிஞ்சது. மேக்கால மின்னுச்சுன்னு வெட்டுன தூர்ல தழைக்கிற மறுதாம்புக்கு ஒரு மூட்டை யூரியாவ வீசிட்டேன். மழை பேருக்குத் தூறிட்டுப் போயிருச்சு. பயிர் முழங்கால் உசரத்துல சுருண்டு நின்னுச்சு. ஒரு நாள் மத்தியானம் செவலை மாடு கயித்த அறுத்துக்கிட்டு அதுல பூந்துருச்சு. அரை மணி நேரத்துல வாயில நுரை, காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்குது. டாக்டர் பக்கத்து ஊர்லயே இருந்ததால பொழைச்சுது. எளஞ்சோளம் தண்ணியில்லாம காய்ச்சல்ல வாடினா விஷம் ஏறும், யூரியா அதை இன்னும் கூட்டும்னு அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்ப கைப்பிடி மண்ண உருட்டிப் பாத்து, உருண்டை நின்னாத்தான் மூட்டையவே பிரிக்கிறேன். பூ வராம வெட்டுறதும் இல்ல.

வரப்பு ஓரமா வேலிமசால் தீவனச்செடி போடு. ஒருக்கா வேர் புடிச்சுட்டா காய்ச்சல் தாங்கும், மாட்டுக்குப் புரதச் சத்தும் கெடைக்கும். ஆனா விதைய அப்படியே வீசுனா பத்துக்கு ரெண்டு கூட மொளைக்காது. நான் கடைக்காரரோட சண்டைக்கே போயிட்டேன். தப்பு என்னுது. தண்ணியக் கொதிக்க வெச்சு எறக்கி, நாலு நிமிசம் ஆறவிட்டு, விதையைத் துணியில முடிஞ்சு நாலு நிமிசம் முக்கி எடு. ராத்திரி பூரா பச்சைத்தண்ணியில ஊறட்டும். தோல் ரொம்பக் கெட்டி, அதான்.

இன்னொண்ணு. உங்கப்பா விட்டுட்டுப் போன கொரங்காட்டுல, அந்த மேய்ச்சக் காட்டுல, டிராக்டர எறக்கிறாத. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லுன்னு உரம், தண்ணி ஒண்ணும் கேக்காம அது பாட்டுக்கு நிக்குது. ஆட்ட மாறிமாறி அடைச்சா புழுக்கையே எருவாயிரும். சொட்டை விழுந்த எடத்துல மட்டும் புரட்டாசி மழைக்குக் கொழுக்கட்டை விதை தூவு. புது விதை ஆறேழு மாசம் தூங்கும், அதனால போன வருசத்து விதையாக் கேட்டு வாங்கு.

கோ-5 நடற தண்டுக் கரணைக்குக் காசு குடுத்துறாத. எங்காட்டுல வெட்டிக்கலாம். நீயும் இருபது சென்ட் நட்டாப் போதும், வரும்போது சாக்கு கொண்டா.

உன்
மாப்ளே