ஒரு தோல்வியோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளன நிர்வாகிகளுக்கு, விசுவமடுப் பக்கமிருந்து வணக்கம்.

உலகக்கிண்ணம் 48 அணிகளாகப் பெருத்துவிட்டது. ஆசியாவுக்கு நேரடியாகவே 8 இடம். சுமார் ஐந்து இலட்சம் சனம் வாழும் ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வேர்ட் 2025இல் தகுதிபெற்றதிலிருந்து எங்கள் தேத்தண்ணிக்கடையில் ஒரே பேச்சுத்தான்: "இரண்டு கோடிச் சனம் இருக்கிற எங்களால ஏன் ஏலாது?" சனத்தொகைதான் கணக்கென்றால் இந்தியா எப்போதோ கிண்ணம் தூக்கியிருக்கும் என்றேன். கோபித்துக்கொண்டார்கள்.

கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 1995இல் கொழும்பில் இதே இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தவர்கள் நாங்கள். பிறகு அந்தக் கிண்ணம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 2023இல் ஃபிஃபாவின் தடை ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை நீடித்ததால் பெங்களூரில் நடந்த அந்தக் கிண்ணப் போட்டிக்குப் போய் விளையாடக்கூட முடியவில்லை. அந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி. எங்கள் கழகத்தின் சிறுவர் அணியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிக்குப் போனோம். அணிக்கு 9 பேர், தோற்றால் வெளியேறும் விலகல் முறை, மின்னொளி, ஒலிபெருக்கியில் பாட்டு. எல்லாம் சரி. கோல் எதுவும் விழவில்லை, தண்ட உதையில் தோற்றோம். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. திரும்பி வரும்போது கோல்காப்பாளன் கேட்டான்: "அண்ணை, இனி எப்ப மட்ச்?" அடுத்த வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்ப்போம் என்றேன்.

பள்ளிக்கூடப் போட்டிகளும் இப்படித்தான். வலய மட்டத்தில் தோற்றால் அந்த வருடம் முடிந்தது. தோற்ற பிள்ளைக்குத்தான் அடுத்த கிழமை இன்னொரு ஆட்டம் வேண்டும். நாங்கள் வென்ற பிள்ளைக்கு மட்டும் கொடுக்கிறோம்.

நாலு இலட்சத்துக்கும் குறைந்த சனமுள்ள ஐஸ்லாந்து 2016இல் இங்கிலாந்தை 2-1 என்று ஐரோப்பியக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றியது. அவர்கள் கட்டிய கூரைபோட்ட மைதானங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தகுதிச் சான்றிதழ் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்றுநர் இருப்பதுதான். எங்களுக்குக் கூரை வேண்டாம். சோளகக் காற்றில் புழுதி குடித்துப் பழகியவர்கள் நாங்கள்.

பயிற்றுநர்தான் இல்லை. ஏன் இல்லையென்று யோசித்தீர்களா? 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் பத்துப் பதினைந்து வயதில் தண்ணீர் வரிசையில் நின்றவர்கள்தான் இன்று பயிற்றுநர்களாகியிருக்க வேண்டியவர்கள். பந்து பழகும் வயதை இடப்பெயர்வு தின்றுவிட்டது. அதிலும் சிலர் இன்று பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட விடுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் வம்சாவளிப் பிள்ளைகளைத் தேசிய அணிக்கு எடுக்கிறீர்கள். நல்லது, வரட்டும். அணி உடனே பலமாகும். ஆனால் அந்தக் கால்களைப் பழக்கியது அந்த நாடுகளின் சிறுவர் லீக்குகள். அறுவடையை மட்டும் வாங்கிக்கொண்டு விதைநெல்லைப் பற்றிப் பேசாமல் இருப்பது எந்த ஊர் விவசாயம்?

ஆகவே பெரிய திட்டமெதுவும் கேட்கவில்லை. பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒரே வீதியில் இருக்கும் ஊர்களைச் சேர்த்து, 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு லீக் தாருங்கள். ஆண், பெண் இரண்டுக்கும். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்க வேண்டும். கூடவே பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பு ஒன்றைக் கிளிநொச்சியில், தமிழில் நடத்துங்கள். கூலிவேலைக்குப் போகிற பெடியனும் வரக்கூடியதாக வார இறுதியில் வையுங்கள்.

மாரியில் எங்கள் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், அதனால் பெப்ரவரி கடைசியில் தொடங்குவது நல்லது. கோல் கம்பம், கோடு போடுகிற சுண்ணாம்பு, நடுவருக்கு மத்தியானச் சாப்பாடு எல்லாம் கழகங்கள் பார்த்துக்கொள்ளும். நீங்கள் நடுவரை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வன்னிக் கழகமொன்றின் சிறுவர் அணிப் பொறுப்பாளன்