அலாஸ்கா போகிற வழியில் ஒரு கனடா

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். முழங்கால் வலி என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் எழுதுவது கையால்தானே என்று நீ திருப்பிக் கேட்பாய். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் இனி உன் வீட்டில் தரையோடு இருக்கிற சாமான்கள் எல்லாம் ஒரு முழம் மேலே ஏறிவிடும். அண்ணாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி.

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்காக இருவரும் அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறீர்கள் என்று படித்ததும் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அடுத்த வரி என்னை உட்கார வைத்துவிட்டது. "சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம். அமெரிக்க விசா பத்து வருஷத்துக்கு இருக்கிறது, அலாஸ்காவும் அமெரிக்காதானே, அதனால் விசா தொல்லை இல்லை" என்று எழுதிவிட்டு நீ பாட்டுக்குக் குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது என்று போய்விட்டாய். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கோட்டைப் பற்றி மறுநாள்தான் படித்தேன்.

நாங்கள் கிரேக்கத் தீவுகளுக்குப் போனோமே, அந்தக் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. படங்களை மட்டும் அனுப்பினேன். "கப்பலில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே" என்று நீ கேட்டபோது பேச்சை மாற்றினேன். நாங்கள் கப்பலில் ஏறவே இல்லை, கமலா. அதுதான் நடந்தது.

ஏதென்சுக்கு விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். வாசலிலேயே பெட்டிகளை வாங்கிச் சீட்டு கட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தோம். அங்கிருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், விசாவைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டாள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எத்தனை முறை உள்ளே வரலாம் என்று ஒரு சின்னக் கட்டத்தில் அச்சடித்திருப்பார்கள். எங்களுடையதில் '01'. பலமுறை என்றால் 'மல்ட்' என்று இருக்கும். அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். மூன்றாம் நாள் கப்பல் குஷாதாசிக்குப் போகிறது, அது துருக்கி. அங்கே போனதும் ஷெங்கன் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். மறுநாள் மறுபடி கிரேக்கத் தீவு. உங்கள் ஒரே நுழைவை ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே செலவு செய்துவிட்டீர்கள், இனி எப்படி உள்ளே வருவீர்கள்?

வேடிக்கை என்னவென்றால் துருக்கியைப் பற்றி ஏஜென்டிடம் நாங்கள் துருவித் துருவிக் கேட்டிருந்தோம். உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் துறைமுக ஊரையும் சுற்றுப்புறத்தையும் 72 மணி நேரம் வரை விசா இல்லாமலே பார்க்கலாம் என்றார். அது உண்மைதான். எபேசு நகரத்து இடிபாடுகளைப் பார்க்கத் துருக்கி எங்களிடம் ஒன்றும் கேட்டிருக்காது. எங்களைத் தடுத்தது கிரேக்கம், அதுவும் நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கிரேக்கம்! அங்கிருந்து வெளியே போய் அங்கேயே திரும்பி வருவதும் ஒரு நுழைவு என்று எங்களுக்குத் தோன்றவில்லை, ஏஜென்டும் சொல்லவில்லை. அவரை மட்டும் திட்டியும் பயனில்லை. விண்ணப்பப் படிவத்திலேயே ஒருமுறையா, இருமுறையா, பலமுறையா என்று கேட்டிருந்தார்கள். ஒரு பயணம்தானே என்று 'ஒருமுறை'யில் குறி போட்டவர் இவர், என் வீட்டுக்காரர். சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

எங்களுக்குப் பின்னால் இருந்த தம்பதிக்கு வேறு நிறப் பாஸ்போர்ட். இரண்டே நிமிஷம், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் வயிறு எரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரே கப்பல், ஒரே கட்டணம். யாருக்கு எது கடல், எது எல்லை என்பதை அட்டையின் நிறம்தான் முடிவு செய்கிறது.

பெட்டிகள் எங்களுக்கு முன்பே கப்பலேறிவிட்டன. அவற்றைத் தேடி இறக்க இரண்டு மணி நேரம். கட்டின பணத்தில் ஒரு காசும் திரும்பவில்லை. சரியான பயண ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனைகளில் சின்ன எழுத்தில் இருந்தது. மிச்சமிருந்த நாட்களில் அக்ரோபோலிஸ் குன்றுக்கு மூன்று தடவை ஏறினோம். உனக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவைதான். இவர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் குன்றின் மேல் நின்று, தூரத்துக் கடலில் போன ஏதோ ஒரு கப்பலைக் காட்டி, "நம் அறைக்கு ஜன்னல் இருந்திருக்குமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கப்பலின் ஊர்ப் பட்டியலை எடுத்துப் பார். சியாட்டிலுக்குத் திரும்புவதற்கு முந்தின ராத்திரி, நாலைந்து மணி நேரம் விக்டோரியா என்று போட்டிருக்கும். இல்லையென்றால் நடுவில் எங்காவது பிரின்ஸ் ரூப்பர்ட் இருக்கும். இரண்டும் கனடா. இருட்டின பிறகு வந்து நடுராத்திரி கிளம்புகிற ஊருக்கு எதற்குப் போகிறார்கள் என்று நானும் யோசித்திருக்கிறேன். காரணம் 1886-இல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம். வேறு நாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக் காட்டிக் கொண்டு வந்து இறக்கக் கூடாது, இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். உள்நாட்டுக் கப்பல்காரர்களைக் காப்பாற்றப் போட்டது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று எங்கோ பதிவானவை. அதனால் அந்தப் பழைய சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகத்தான் இந்த ராத்திரி விக்டோரியா. கொரோனாவில் கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021-இல் அமெரிக்கா தனியாக ஒரு தற்காலிகச் சட்டம் போட்டுத்தான் அலாஸ்கா கப்பல்களை விட முடிந்தது என்றால் பார்த்துக்கொள்.

ஆக, நீராவிக் கப்பல் காலத்துச் சட்டம் ஒன்றுக்காக உனக்கும் அண்ணாவுக்கும் கனடா விசா வேண்டும். நம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதில் சலுகை இல்லை.

"நாங்கள் இறங்கவே மாட்டோம், அறையிலேயே தூங்குகிறோம்" என்று சொல்வாய், எனக்குத் தெரியும். இவரும் பிரேயஸில் அதைத்தான் சொன்னார். அது செல்லாது. நீ படுக்கையில் இருந்தாலும் கப்பல் கனடாவுக்குள் நுழைந்துவிட்டது, பயணிகள் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. யாருக்காவது நெஞ்சு வலி என்றால் அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் இறக்குவார்கள். காகிதம் இல்லாதவரைக் கொண்டு வந்தால் கப்பல் கம்பெனி தலையில் அபராதம் விழும் என்பதால் எல்லை அதிகாரியைவிடக் கவுண்டரில் இருப்பவர்கள் கெடுபிடியாக இருப்பார்கள். விக்டோரியா வரை போய் மாட்டிக்கொள்ள மாட்டாய், சியாட்டில் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

உனக்கு இன்னும் ஐந்து மாதம் இருப்பது நல்லதாயிற்று. விண்ணப்பம் இணையத்தில்தான். பிறகு கைரேகையும் படமும் எடுக்கக் கூப்பிடுவார்கள், 14 முதல் 79 வயது வரை எல்லோருக்கும் உண்டு, ஒருமுறை கொடுத்தால் பத்து வருஷம் செல்லும். கடைசியில் பாஸ்போர்ட்டை வாங்கி ஒட்டித் தருவார்கள். அந்தச் சமயத்தில் பாஸ்போர்ட் உன் கையில் இருக்காது, வேறு எதற்கும் தேதி வைத்துக்கொள்ளாதே. அதற்கு முன் உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார். பயணம் முடிந்து ஆறு மாதமாவது பாக்கி இருப்பது நல்லது. புதுப்பிக்க வேண்டுமென்றால் விசாவுக்கு முன்பே புதுப்பித்துவிடு. உன் அமெரிக்க விசா பழைய புத்தகத்தில் இருப்பதாக ஞாபகம். அது கிழியாமல் கெடாமல் இருந்தால் செல்லும், இரண்டு புத்தகங்களையும் சேர்த்துக் கொண்டு போ. பெட்டியில் போட்டுவிடாதே, கைப்பையில் வை. பெட்டி முன்னால் போய்விடும் என்பதைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. விக்டோரியாவிலிருந்து சியாட்டிலுக்கு வருவதும் அமெரிக்காவுக்குள் ஒரு நுழைவு, அதனால் விசாவில் பலமுறை என்பதைக் குறிக்கும் 'எம்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிடு. அநேகமாக இருக்கும். டிக்கெட்டில் உன் பெயர் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் முழுதாகவும் இருந்தால் இப்போதே திருத்தச் சொல். சியாட்டிலுக்குப் போகிற வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்பதையும் எழுது, சில இடங்களில் அதற்கும் விசா கேட்பார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் கப்பலையே வெறுத்துவிட்டோம் என்று நினைக்காதே. போன வருஷம் சிட்னியில் ஏறி நியூசிலாந்து போய் வந்தோமே, அது நானே பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்ட பயணம். ஒவ்வொரு ஊருக்கு எதிரிலும் 'உள்ளே', 'வெளியே' என்று எழுதுவேன், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவுக்குள் இருமுறை, விமானத்தில் ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. அதனால் பலமுறை நுழைவு கேட்டு வாங்கினேன். நியூசிலாந்துக்கு விசா வாங்கப் போனால் அங்கே ஒரு ஆச்சரியம். கப்பலில் வந்து அதே கப்பலில் போகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இணையத்தில் ஒரு மின்னனுமதி வாங்கினால் போதுமாம். விமானத்தில் போயிருந்தால் நமக்கு முழு விசா வேண்டும். ஒரு நாடு கப்பல்காரர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது, இன்னொன்று கப்பலிலேயே தூங்குகிறவரிடமும் விசா கேட்கிறது. இதில் நியாயம் தேடினால் நமக்குத்தான் தலைவலி.

எழுதும்போதே இவர் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். 'குறி போட்டவர் இவர்' என்ற வரியை அடிக்கச் சொல்கிறார். அடிக்கவில்லை.

கப்பல் கம்பெனி அனுப்பிய ஊர்ப் பட்டியலை அப்படியே படம் எடுத்து அனுப்பு, அமெரிக்க விசாப் பக்கத்தையும் சேர்த்து. நாளைக் காலையில் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்காருகிறேன். கோட்டு விஷயம் அடுத்த கடிதத்தில்.

உன்,
விசாலம்