டப்பாவை நீட்டும்போது இரண்டு வார்த்தை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டபடி ஆன்டிபயாடிக் சாப்பிடாதீர்கள், கல்ச்சர் செய்து (சாம்பிளில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து) பார்த்து மருந்து எழுதச் சொல்லுங்கள் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். சரியான அறிவுரை. நுண்ணுயிரியல் லேபில் கல்ச்சர் மேசையில் வேலை பார்க்கிறவள் நான். அந்த அறிவுரையோடு சேர்ந்து வர வேண்டிய ஒன்று ஒவ்வொரு முறையும் விட்டுப்போகிறது என்பதால் எழுதுகிறேன். கல்ச்சர் எவ்வளவு நம்பகமானது என்பது சாம்பிள் எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நோயாளி பக்கத்தில் நிற்பவர் டாக்டர் அல்ல, நாங்களும் அல்ல. பெரும்பாலும் ஒரு மருத்துவ உதவியாளர்தான். அவருக்கு ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் அக்கறையாகக் கற்றுக்கொடுக்கிறோம். சாம்பிள் எடுப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சிறுநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 மைக்ரோலிட்டர் மட்டுமே பிடிக்கும் ஒரு வளையக் கம்பியை அதில் தோய்த்து, கிருமி வளர உணவுக்கூழ் ஊற்றிய அகார் தட்டில் கோடு இழுத்து, 35 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க இன்குபேட்டரில் வைக்கிறோம். காலையில் தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் முந்தைய நாள் உயிரோடு விழுந்த ஒரு கிருமியின் பெருக்கம். 100 புள்ளி என்றால் ஒரு மி.லி. சிறுநீரில் 1 லட்சம் கிருமி. ஒரே வகைக் கிருமி அந்த அளவில் இருந்து, நோயாளிக்கு எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால், தொற்று என்று துணிந்து சொல்லலாம். மெக்கான்கி என்ற வகை அகார் தட்டில், குடலில் வாழும் இ.கோலை என்ற கிருமி வளர்ந்திருந்தால் தட்டு முழுக்க ஒரே மாதிரி இளஞ்சிவப்புப் புள்ளிகளாக இருக்கும். எந்த மருந்து கேட்கும் என்று அன்றைக்கே அடுத்த சோதனையைத் தொடங்கிவிடலாம்.

ஆனால் பல காலைகளில் நான் பார்ப்பது வேறு தட்டு. இளஞ்சிவப்பில் சில, நிறமே இல்லாமல் சில, பக்கத்தில் ரத்தம் கலந்த பிளட் அகார் தட்டில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக இன்னும் சில. இவற்றில் பல தோலிலும் அந்தரங்கப் பகுதியிலும் இயல்பாகவே குடியிருப்பவை. நோய்க்கிருமி இதில் எது, வழியில் ஒட்டிக்கொண்டது எது என்று பிரிக்க எந்தக் கருவியாலும் முடியாது. 'கலப்பு வளர்ச்சி, மறுபடியும் சாம்பிள் அனுப்பவும்' என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும். வலியோடு காத்திருந்தவருக்கு இரண்டு நாள் வீண். அதற்குள் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்திருப்பார்கள். அப்புறம் வரும் சாம்பிளில் ஒன்றுமே வளராமலும் போகலாம்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பெண்களானால் அந்தரங்கப் பகுதியை முன்பக்கமிருந்து பின்பக்கமாகத் துடைத்துவிட்டு, இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஆண்களானால் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, 'பிடிச்சிட்டு வாங்க' என்று டப்பாவை நீட்டிவிடுகிறார்கள். கேட்க நோயாளிக்கும் கூச்சம். இருவர் கூச்சத்துக்கும் விலை கொடுப்பது அந்த ரிப்போர்ட்.

பிடித்த பிறகு நேரம் ஓடத் தொடங்குகிறது. தோதான சூழல் கிடைத்தால் இ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்த வேகத்தில் 2 மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். அதனால்தான் 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் 4 டிகிரியில் ஃபிரிட்ஜில் வையுங்கள் என்கிறோம். அப்படி வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். இதைக் கேட்டுவிட்டு எல்லாச் சாம்பிளையும் ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது, அது இன்னும் ஆபத்து. முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரைக் குளிரில் வைத்தால் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி செத்துப்போகும். உயிரைப் பறிக்கும் நோயில் ரிப்போர்ட் 'வளர்ச்சி இல்லை' என்று வரும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலையும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

ரத்தக் கல்ச்சரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருமிநாசினி தடவிய இடம் தானாகக் காய வேண்டும். காய்ந்த பிறகு ரத்தக் குழாய் எங்கே என்று மறுபடி விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அது கிருமி நீக்கியது அல்ல, ஆல்கஹாலால் துடைத்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் தேவை, ஏனென்றால் ரத்தத்தில் கிருமிகள் பெரும்பாலும் மிகச் சொற்பமாகவே இருக்கும். 3 மி.லி. எடுத்து அனுப்பினால் கிருமி இருந்தும் தவறிப்போக வாய்ப்பு அதிகம். இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுப்பதும் நோயாளியைப் படுத்துவதற்காக அல்ல. சாதாரணத் தோல் கிருமி ஓரிடத்தில் எடுத்த ரத்தத்தில் மட்டும் வளர்ந்தால் அது அநேகமாகத் தோலிலிருந்து வந்தது. இரண்டிலும் வளர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். இவை எல்லாம் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்பு நடக்க வேண்டும். அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவைக் கல்ச்சருக்கு ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபார்மலின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும், அதன்பின் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை.

பயிற்சி நிலையங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மருத்துவ உதவியாளரையும் பயிற்சிக் காலத்தில் ஒரு வாரமாவது கல்ச்சர் மேசையில் உட்கார வையுங்கள். தான் எடுத்து அனுப்பிய சளியை அவரே கண்ணாடிச் சில்லில் தடவி, 1884இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறையில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கட்டும். சீழ் அணுக்கள் நிறைய இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்த சளி. நடுவில் சின்னக் கருவோடு அகலமான தட்டைச் செல்கள் குவிந்து கிடந்தால் அது வெறும் எச்சில். 'ஆழமா இருமி, நெஞ்சிலிருந்து எடுத்துத் துப்புங்க' என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதை அதற்கப்புறம் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவப் பக்கத்தில் வாரம் ஒரு சாம்பிள் என்று சின்னக் கட்டம் போட்டு, அதை எப்படிக் கொடுப்பது என்று எளிய தமிழில் வெளியிடுங்கள். சிறுநீரில் தொடங்கலாம். எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
நுண்ணுயிரியல் லேப் டெக்னீஷியன் ஒருவர்